பதினோரு உருண்டை பனியன் வேஸ்ட்

1974 ஏப்ரல் 18, வியாழக்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று அறவே நின்றிருந்தது. திருப்பூர் அவிநாசி ரோட்டில் இருந்த என் பட்டறையின் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. அப்போதுதான் அந்தக் கறுப்பு வண்டி நான்கு கண்ணாடிகளையும் இறக்கியபடி உள்ளே வந்தது. ஏசி வைத்த வண்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தால் அது நல்ல செய்தி கொண்டு வருவதில்லை. ஒன்பது நாட்களுக்கு முன்புதான் அதற்குப் புது கம்ப்ரஸர் மாட்டி அனுப்பியிருந்தேன்.

கார் ஏசி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, கம்ப்ரஸரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அன்று காலை 11:20க்கும் மாலை 5:30க்கும் நடுவில் நான் எடுத்த மூன்று முடிவுகளைப் பற்றி. மூன்றில் இரண்டு தவறு. மூன்றாவதும் நானாக எடுத்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வருடம் திருப்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஏசி வைத்த கார்கள் ஏழு. ஏழையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நூல் மில் ஒன்றில் ஈரப்பத யந்திரங்களைப் பத்து வருடம் கவனித்தவன். சோடாக் கடைகளின் ஐஸ் பெட்டிகள் நாற்பத்தி மூன்று என் கணக்கில் இருந்தன. எதையும் எண்ணி வைக்காமல் என்னால் தூங்க முடியாது. இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் உண்டு.

கறுப்பு வண்டியின் முதலாளிக்குச் சொந்தமாக ஒரு பனியன் கம்பெனியும், காதர்பேட்டையில் ஒரு கடையும் இருந்தன. பெயர் வேண்டாம். என் வயதுதான் அவருக்கும், முப்பத்தெட்டு. ஆடம்பரத்துக்காக ஏசி வைத்துக்கொண்டவர் இல்லை. பஞ்சுத் தூசியில் நின்று நின்று அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. வெளியே போனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த ஊர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஏசி வேண்டும்.

அன்று அவர் காங்கேயம் போய்த் திரும்பும் வழியில் கம்ப்ரஸர் இறுகிவிட்டது. அப்போது அவர் பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்தார். விழித்தபோது வண்டி, தேங்காய்ப் புண்ணாக்கு ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால், கண்ணாடிகள் இறங்கிய நிலையில் போய்க்கொண்டிருந்தது. பட்டறைக்கு வந்து இறங்கியவருக்கு மூச்சு விசிலடித்தது. நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை.

"ஒம்பது நாளுங்க. எண்ணிப் பாத்துக்குங்க, உங்களுக்குத்தான் எண்ணறது புடிக்குமே" என்றார்.

டிரைவர் ஆறுமுகம் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர். அந்த முதலாளியிடம் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறவர். குடியிருந்தது கம்பெனி காம்பவுண்டில் முதலாளி கொடுத்த வீட்டில். அவர் மனைவி அதே கம்பெனியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலை செய்தார்.

கம்ப்ரஸர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நகரவில்லை. ஸ்விச்சைப் போட்டால் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் க்ளட்சும், ஆஃப் செய்த பிறகும் விடாமல், சூட்டில் ஒட்டிப்போயிருந்தது. ஏசிக்கென்று தனியாக ஓடும் பெல்ட், கத்தியால் அறுத்து எடுக்கப்பட்டு முன்சீட்டில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒரு பைப்பைக்கூடத் திறக்காமல், என் முதல் முடிவைச் சொன்னேன்.

"சத்தம் வந்த பொறவும் நிறுத்தாம ஓட்டியிருப்பாருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மாட்டிய கம்ப்ரஸர் போனதற்கு வேறு யாராவது காரணமாக இருந்தால் எனக்கு நிம்மதி. நாக்கு அந்த நிம்மதியைத் தேடிப் போய்விட்டது.

"இல்லீங்க மொதலாளி, சத்தம் கேட்டதுமே..." என்று ஆறுமுகம் ஆரம்பித்தார்.

"நீ இரு" என்றார் முதலாளி. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தொறந்து பாருங்க. அஞ்சு மணிக்கு வர்றேன். அப்பவும் இதே பதிலுதான்னா, என்ற மச்சினன் லைசென்ஸை வெச்சுட்டு சும்மாதான் சுத்தறான், நாளைக்கு அவன் வண்டி எடுக்கட்டும். சாவியை அந்த மேசை மேல வெய்யி, ஆறுமுகம்."

ஆறுமுகம் சாவியை வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். வேலை போனால் வீடும் போகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். முதலாளி வாடகைக் கார் ஒன்றை நிறுத்தி ஏறிப் போனார்.

ஆறுமுகம் போகவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "விளக்குப் புடிக்கோணுங்களா?" என்று கேட்டார். தன்மேல் பழி போட்டவனுக்கு விளக்குப் பிடிக்க வந்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வேலைக்கு ஒரு கை கிடைத்தது என்று மட்டும் நினைத்தேன்.

மணி இரண்டுக்குத்தான், பேச்சுவாக்கில், காலையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். எங்கே சத்தம் வந்தது, என்ன செய்தீர்கள்?

"காங்கேயம் தாண்டி மூணாவது மைல் கல்லுங்க. கீச்சுன்னு ஒரு சத்தம். ஸ்விச்சை ஆஃப் பண்ணிட்டு ஓரங்கட்டிட்டேன். பெல்ட்டு நின்னு போயி, ஒரே எடத்துல தேஞ்சு புகையறாப்பல இருந்துச்சு. அறுத்துப் போட்டுட்டேன். மொதலாளி தூங்கிட்டு இருந்தாரு. எழுப்புனா பயந்துக்குவாருன்னு எழுப்பலீங்க. அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்."

பெல்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு ஜாண் நீளத்துக்கு மட்டுமே கருகியிருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அந்த இடத்திலேயே எரிந்து அறுந்திருக்கும். அவர் சொன்னது அத்தனையும் அந்த ஒரு ஜாணில் எழுதியிருந்தது. காலையில் அதே பெல்ட் என் கையில்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பைப்பாகக் கழற்றினேன். கேஸை விரியவிட்டுக் குளிர வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில், சுண்டுவிரல் நுனி அளவில், சின்னக் கம்பி வலை ஒன்று இருக்கும். வலையை மூடிக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டி உட்கார்ந்திருந்தது. கேஸும் அதோடு சேர்ந்து ஓட வேண்டிய எண்ணெயும் அங்கேயே நின்றுவிட, எண்ணெய் திரும்பி வராத கம்ப்ரஸர் காய்ந்து இறுகிவிட்டது. கட்டியைக் குறடால் எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். மெத்தென்று இருந்தது.

இந்த இடத்தில் ஒன்பது நாட்கள் பின்னால் போக வேண்டும். பழைய கம்ப்ரஸர் உடைந்து தேய்ந்து போனதில், பைப்புகளுக்குள் எல்லாம் கறுப்பு எண்ணெயும் இரும்புப் பொடியும் பரவியிருந்தன. புதுசை மாட்டும் முன் அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்கென்று ஒரு திரவம் உண்டு. கோயமுத்தூர் போய் வாங்க வேண்டும். அன்று ஆறுமுகம் தன் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணி. எங்கள் ஊரில் கை துடைக்க, மெஷின் துடைக்க, எண்ணெய் உறிஞ்ச, எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளை வெளேரென்று மெத்தையாக இருந்தது. அதை இறுக்கி உருட்டி, பைப்புக்குள் திணித்து, பக்கத்து டயர்க் கடையின் காற்றை வைத்து மறுபக்கம் தள்ளினேன். கறுத்துப்போய் வந்து விழுந்தது. பதினோரு உருண்டை உள்ளே விட்டேன். பதினோரு உருண்டை வெளியே வந்தன. நோட்டில் அப்படியே குறித்தும் வைத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்ததால் வேலையும் சரி என்று இருந்துவிட்டேன்.

இப்போது பன்னிரண்டாவது ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது. பதினொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிட்டுப் போன இழைகளும் துணுக்குகளும் சேர்ந்து திரண்டது.

விளக்கைப் பிடித்திருந்த ஆறுமுகம் குனிந்து பார்த்தார். "என்னங்க அது, பஞ்சாட்ட இருக்குது?"

"ரப்பருங்க. ஹோஸுக்குள்ள உரிஞ்சு வந்திருக்குது" என்றேன்.

இது இரண்டாவது முடிவு. எவ்வளவு வசதியான முடிவு என்று பாருங்கள். ரப்பர் உரிந்தால் டிரைவர் மேல் குற்றமில்லை, அவருக்கு வீடு மிஞ்சும். என் மேலும் குற்றமில்லை, ஏழு கார்களும் எனக்கு மிஞ்சும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று இரண்டரை மணி நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு ரப்பர் கிடைக்கும். கிடைக்கும்போது, பக்கத்தில் விளக்குப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

முதலாளி சரியாக ஐந்து மணிக்கு வந்தார். மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒரு டப்பா மூடியில் எடுத்து வைத்திருந்த கட்டியைக் காட்டினேன்.

"ஹோஸ் உள்ள ரப்பர் உரிஞ்சு வந்து அடைச்சிருக்குதுங்க. காலைல நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். ஆறுமுகத்து மேல தப்பில்லீங்க."

"அப்படீங்களா" என்றார். முகத்தில் இறுக்கம் குறைந்தது. சாவிக்குக் கை நீட்டப்போனவர், போகிற போக்கில் அந்தக் கட்டியை எடுத்தார்.

பனியன்காரர் கையில் மெத்தென்று ஒரு பொருள் கிடைத்தால், அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்காமல் கீழே வைக்க மாட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் கையைக்கூடத் தேய்த்துப் பார்க்கிறவர்கள் அவர்கள். அவரும் தேய்த்தார். விரல் நின்றது.

"கொஞ்சம் பெட்ரோலு இருக்குதுங்களா?"

ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். கட்டியை அதில் முக்கிப் பிழிந்தார், மறுபடி முக்கினார். கறுப்பு இறங்கி சாம்பல் நிறமாயிற்று. விரித்தார். அரிசி அகலத்துக்கு ஒரு துணித் துணுக்கு உள்ளே இருந்தது. அதை நகத்தின் மேல் வைத்து இழுத்துவிட்டார். ஓரம் தானாகச் சுருண்டது. மறுபடி இழுத்துவிட்டார். மறுபடி சுருண்டது.

"ரப்பரு இப்படிச் சுருளுங்களா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "நெசவுத் துணிகூடச் சுருளாதுங்க. பனியன் துணிதான் வெட்டுன பக்கம் சுருளும். இது எங்க கட்டிங் வேஸ்ட்டாட்டத்தான் இருக்குது. யாரு குடுத்தது இது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

"நாந்தானுங்க மொதலாளி. போன வாரம் செவ்வாக்கெழம ஒரு மூட்டை கொண்டாந்து குடுத்தேன்."

இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அந்த மனிதர் தப்பித்திருந்தார். மேசை மேல் சாவி. காம்பவுண்டில் வீடு. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கம்பெனி வேஸ்ட்டை வெளியே கொடுத்தது யார் என்பதை நிரூபிக்க அங்கே ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த பதில் இருந்தது, அதனால் சொன்னார்.

அதற்கு மேல் நான் பேசாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது முடிவை நான் எடுக்கவில்லை, அவர் எடுக்கவைத்தார் என்று சொன்னது இதனால்தான்.

"குடுத்தது அவருங்க. கை துடைக்கக் குடுத்தாரு. பைப்புக்குள்ள உட்டது நானு. மத்தியானமே எனக்குத் தெரியும், இது ரப்பரில்லீன்னு. அவரு சத்தம் வந்ததுமே நிறுத்தியிருக்கறாரு, பெல்ட்டுல தெரியுது. காலைல அதையும் நான் பாக்கலீங்க."

முதலாளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூச்சு மறுபடி இளைத்தது. அப்புறம் சொன்னார்:

"கல்கத்தாலிருந்து கொச்சி வரைக்கும் பனியன் போட்டு உட்டாச்சு. பாக்கி இருந்தது இந்தக் கம்ப்ரஸர் ஒண்ணுதான். அதுக்கும் போட்டு உட்டுட்டீங்க."

ஆறுமுகம் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை உருண்டை உட்டீங்க?"

"பதினொண்ணுங்க. பதினொண்ணும் வெளிய வந்துச்சு. எண்ணினேன்."

"எடை போட்டீங்களா?"

நோட்டை எடுத்துப் புரட்டினேன்; எடை என்று அதில் ஒரு வரி இல்லை.

"நாங்க எண்ணறதில்லீங்க. கட்டிங் டேபிளுக்குப் பத்துக் கிலோ துணி போச்சுன்னா, பீஸும் வேஸ்ட்டும் சேந்து பத்துக் கிலோ திரும்பி வரோணும். பீஸ் எண்ணிக்கை சரியா இருக்குதுன்னு கணக்கை முடிச்சுட்டா என்ற கம்பெனி எப்பவோ மூடியிருக்கும். பதினொண்ணு போயி பதினொண்ணு வந்துச்சு, சரி. போன எடை வந்துச்சான்னு பாக்கலியே நீங்க."

ஐம்பது வருடங்களாகப் பட்டறையில் நான் கடைப்பிடித்த விதி இந்த மனிதர் அன்று மூச்சிரைக்கச் சொன்னதுதான். உள்ளே போன ஒவ்வொரு பொருளும் முழுசாக வெளியே வந்ததா என்று பார். வந்தது என்பதற்கு எண்ணிக்கை சாட்சி ஆகாது. இழை உதிர்க்கும் எதையும் பைப்புக்குள் விடாதே. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏசியைத் திறந்தே பார்த்திராத ஒருவரிடமிருந்து கற்றேன்.

அவர் எழுந்து, மேசையிலிருந்த சாவியைத் தானே எடுத்து, ஆறுமுகத்தின் கையில் கொடுத்தார்.

"வண்டி ஓடலீன்னாலும் சாவி உங்கிட்டயே இருக்கட்டும். காலைல பேச உட்டிருக்கோணும் உன்னைய." பிறகு என்னிடம், "மறுபடியும் நீங்களே பாருங்க. வேற ஆளுகிட்டப் போனா அவன் புதுசா ஒரு தப்புப் பண்ணுவான். இந்தத் தப்பை நீங்க இனிமேல் பண்ண மாட்டீங்க" என்றார்.

வெள்ளி இரவு ரயிலேறி மதராஸ் போய் அடுத்த கம்ப்ரஸரையும், கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், புது எக்ஸ்பான்ஷன் வால்வையும் வாங்கி வந்தேன். கோயமுத்தூரிலிருந்து சுத்தம் செய்யும் திரவமும் நைட்ரஜன் சிலிண்டரும் வந்தன. திங்கட்கிழமை காலை ஆறுமுகம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். முதலாளி கொடுத்துவிட்டது: ஓரம் மடித்துத் தைத்த வெள்ளைப் பனியன் துணி, இருபது. கூடவே ஒரு சீட்டு: "20 துணி. 1 கிலோ 150 கிராம். திரும்பும்போது எடை போடப்படும்."

திரவத்தை ஊற்றிக் கழுவி, நைட்ரஜனால் ஊதும்போது, பைப்பின் வாய்க்கு எதிரே ஆறுமுகம் துணியை விரித்துப் பிடித்தார். வருகிற அழுக்கு வெள்ளையில் புள்ளியாக விழும். முதல் துணி அடுப்புக்கரித் துணி மாதிரி ஆயிற்று. ஐந்தாவதில் புள்ளிகள் நாற்பதுக்கு மேல். ஒன்பதாவதில் ஆறு. பன்னிரண்டாவதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"போதுங்க" என்றேன்.

ஆறுமுகம் துணியை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு இருக்குதுங்க. என்ற ஊட்டுக்காரி செக்கிங் பண்றவ. இதை அவகிட்டக் காட்டுனா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டுருவா. அப்பறம் ராத்திரி எனக்குச் சோறு கெடையாது."

பதின்மூன்றாவதில் ஒன்று இருந்தது. கடுகில் பாதி. அதையும் அவர்தான் கண்டுபிடித்தார். பதினான்காவது துணியில் எதுவும் இல்லை; இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். என் பட்டறையில் அதன் பிறகு ஒரு கம்ப்ரஸர்கூட பதினான்காவது துணிக்குச் சமமான ஒன்றைப் பார்க்காமல் மாட்டப்படவில்லை. துணிகள் கம்பெனிக்குத் திரும்பிப் போனபோது எடை நூற்று இருபது கிராம் கூடியிருந்தது. எண்ணெய். "கொறையலீல்ல, அது போதும்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார் ஆறுமுகம்.

அன்று சாயங்காலம் வண்டி குளிர்ந்தது. உள்ளே வெப்பமானியைப் பிடித்தேன்: 68 டிகிரி. அந்தக் கம்ப்ரஸர் எட்டு வருடம் ஓடியது. எட்டு வருடமும் சாவி ஆறுமுகத்திடம்தான் இருந்தது.

வண்டியை எடுக்கும் முன் எதிரிலிருந்த கடைக்கு டீ குடிக்கப் போனோம். காலையில் உங்களைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று, நாலு நாள் பழைய காலையைப் பற்றி, எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஆறுமுகம் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க ரப்பர்னு சொன்னப்பவே எனக்குத் தெரியுமுங்க, அது துணின்னு. தறிக்காரன் பையன், எனக்குத் தெரியாதுங்களா. ஊடு தப்பிச்சாச் சரின்னு நானும் சும்மா நின்னேன். மொதலாளி நேராக் கேட்டப்பத்தான் நிக்க முடியல." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்புல ஆளுக்குப் பாதிங்க."

நான் பைக்குள் கையை விடுவதற்குள் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டார்.

கூலி நான் வாங்கவில்லை; செலவும் என் கையிலிருந்துதான். அன்றைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன். கம்ப்ரஸர் 2,150. டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் 265. திரவம் 96. நைட்ரஜன் வாடகை 35. கேஸ் 68. மதராஸ் போய் வந்தது 41 ரூபாய் 60 காசு. அதற்குக் கீழே "டீ 2" என்று எழுதி, ஆறுமுகம் கொடுத்தது என்பதால் அடித்திருக்கிறேன். மொத்தம் ரூபாய் 2,655, காசு 60.